ஒன்பதாவது கட்டத்தில் என் பெயர்

786
பொம்மிடி
28.3.85

மதிப்பிற்குரிய மச்சான் நசீருதீன் அவர்களுக்கு, பொம்மிடி சைக்கிள் கடை அப்துல் ஷுக்கூர் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் வீட்டில் ஜான் பீ சுகம், பிள்ளைகள் சுகம், போன வாரம் சந்தனம் தின்ற வெள்ளாடும் சுகம். அவ்விடம் என் தங்கை ரஹமத் பீவியும் தாங்களும் தங்கள் டைப் மிஷினும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். டைப் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் துஆ செய்கிறேன். ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

நம் கரட்டு அவுலியா தர்காவுக்கு என் வாப்பா முத்தவல்லியாக இருந்து நிர்வாகம் பார்த்தார், அதற்கு முன் அவருடைய வாப்பா இருந்தார், ஒருவரும் யாருக்கும் ஒரு தாள் காட்டியதில்லை. போன ஐப்பசியில் வக்ஃபு ஆபீஸிலிருந்து எனக்குப் பாரம் வந்தது. பன்னிரண்டு பக்கம், மூன்று பிரதி, இருபத்திரண்டு கட்டம். நிரப்பி அனுப்பினால் தர்காவைப் பதிவேட்டில் சேர்த்து, என்னை முத்தவல்லி என்று அங்கீகரித்து முத்திரையோடு உத்தரவு தருவோம் என்று போட்டிருந்தது. அங்கே விழுந்தவன்தான் நான். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் பஞ்சர் ஒட்டிய கைக்கு ஒரு வட்ட முத்திரை கிடைக்கப் போகிறதே என்று, கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே சேலத்துக்கு ரயில் ஏறி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீங்களும் கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவர் இல்லையா, பாரத்தைப் பார்த்ததும் பிரியாணியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துவிட்டீர்கள். எட்டுக் கட்டம் வரைக்கும் மழை மாதிரி அடித்தீர்கள். ஒன்பதாவது கட்டத்தில் நின்றீர்கள். "பரம்பரைப் பணியாளர்: பெயர், தகப்பனார் பெயர், செய்யும் பணி."

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும். வருஷா வருஷம் நம் அவுலியாவின் உரூஸ் விழாவுக்குச் சந்தனம் அரைப்பது மஞ்சள் தோட்டத்துக் குப்புராஜ் வீட்டில். அவன் அப்பன் அரைத்தான், பாட்டன் அரைத்தான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் விடியலிலேயே வாசல் தெளித்து, குளித்து, கவுச்சி சமைக்காமல், புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றி அரைப்பார்கள். சந்தனக்குடம் அவன் வீட்டு வாசலில் இருந்துதான் தர்காவுக்கு ஊர்வலமாகக் கிளம்பும். எதனால் அப்படி என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரியாமலேயே மூன்று தலைமுறை ஓடிவிட்டது. அதனால் நான் "குப்புராஜ், தகப்பனார் பச்சியப்பன், சந்தனம் அரைத்தல்" என்று சொன்னேன். நீங்கள் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மச்சான், வக்ஃபு பாரத்துல இந்துப் பேரைப் பார்த்தா ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. கேள்வி வந்தா ஃபைல் நிக்கும். ஃபைல் நின்னா உத்தரவு வராது" என்றீர்கள். சரி, கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றேன். "காலியா விட்டா அதுக்கும் கேள்வி வரும், உங்க பேரையே போட்டுடலாம்" என்றீர்கள். போட்டும்விட்டீர்கள். "அப்துல் ஷுக்கூர், சந்தனம் அரைத்தல், பரம்பரை." மச்சான், நான் பிறந்ததிலிருந்து சந்தனம் அரைத்தவன் இல்லை, சட்னிகூட அரைத்தவன் இல்லை. ஆனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் வாய் இருந்தது. வேண்டாம், அவன் பேரையே போடுங்க என்று சொல்ல நாலு வார்த்தை போதும். முத்திரை ஆசையில் அந்த நாலு வார்த்தை வரவில்லை. ரஹமத் பீவி வைத்த மீன் குழம்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

மாசியில் உத்தரவு வந்தது. வட்ட முத்திரை நல்ல ஊதா நிறம். கூடவே பணியாளர் பட்டியல் ஒன்று. அதைத் தர்காக் கதவில் ஒட்ட வேண்டும் என்றும், உரூஸ் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பட்டியல்படி பணிகள் நடக்கின்றனவா என்று பார்வையிடுவார் என்றும் எழுதியிருந்தது. நான் மைதாப் பசை காய்ச்சி, நாலு மூலையும் நன்றாக அழுத்தி ஒட்டினேன். ஒட்டும்போது என் பேர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பேர் ரெண்டு இடத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த புத்தியை எந்தச் செருப்பால் அடிக்கலாம்?

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் குப்புராஜ் எப்போதும் போல விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தான். அவன் அஞ்சாவது வரைக்கும் படித்தவன், வரிக்கு வரி விரலை வைத்துத்தான் படிப்பான். கதவில் ஒட்டிய பட்டியலில் அவன் விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வரியில் விரல் நின்றது. "ஏங்க பாய், சந்தனம் அரைக்கறது நீங்களாமே?" என்றான். நான், "ஆபீஸ்ல ஏதோ தப்பா..." என்று இழுத்தேன். ஆபீஸ் மேல் பழியைப் போட்டேன் மச்சான், அல்லா மன்னிக்கட்டும். அவன், "ஆபீஸ்காரங்களுக்கு எங்கப்பன் செஞ்ச வேலை எப்படித் தெரியும்? ஆராச்சும் சொல்லித்தானே எழுதியிருப்பாங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எண்ணெயை ஊற்றினான், திரியைத் தூண்டினான், போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் பெண்சாதி சின்னம்மாள் மாட்டு வண்டியில் வந்து என் கடை வாசலில் சந்தனக் கல்லை இறக்கினாள். "எங்கூட்டுக்காரரு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. உத்தரவு உங்க பேருல இருக்குதாம், கல்லு எங்க வூட்ல எதுக்குங்க?" என்றாள். கல்லை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, அரைத்துப் பார்ப்போம் என்று நானும் ஜான் பீயும் அடுத்த நாளே உட்கார்ந்தோம். மதியத்திலிருந்து அரைத்தும் ஒரு கரண்டிதான் தேறியது. என் விரலில் தோல் போனது, அவள் வாயில் பொறுமை போனது. "சைக்கிள் செயினைச் சுத்தற கையிக்குச் சந்தனம் வருமா?" என்றாள். பன்னீர் விடவேண்டும், சவ்வாது கலக்கவேண்டும், அது தெரியும். எவ்வளவு என்று தெரியாது. நான் ஒரு டப்பா சவ்வாதையும் கொட்டினேன். தும்மல் நிற்கவில்லை. முகம் கழுவப் போன நேரத்தில் ஆடு வந்து கரண்டிச் சந்தனத்தையும் நக்கிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அது கத்தினால் வாசனை அடிக்கிறது. டீக்கடைக்கார மாதுவைத் தூது அனுப்பி அளவு கேட்கச் சொன்னேன். அவன் போய்விட்டு வந்து, "உத்தரவு வாங்கினவருக்குத் தெரியாததா என்னன்னு கேட்டாருங்க" என்றான். குப்புராஜ் கொஞ்சம் வீம்பு பிடித்தவன் என்பது உங்களுக்கும் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போன என் காற்றடிக்கும் பம்பையே இன்னும் திருப்பித் தராதவன் அவன்.

பிறகு தர்மபுரிக்கு பஸ் ஏறி ஆபீஸுக்கே போனேன். அங்கே இருந்த பெரியவர் என்னை உட்காரவைத்துப் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். நான், இந்துப் பேர் எழுதினால் ஆட்சேபணை வருமோ என்று அப்போது எழுதாமல் விட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "ஆருங்க பாய் அப்படிச் சொன்னது? கொட்டு அடிக்கறவங்க, பந்தம் புடிக்கறவங்க, கொடி தெக்கறவங்கன்னு எல்லாத் தர்காவுலயும் எழுதியிருக்காங்க. பாதிப் பேரு இந்துப் பேருதான். இந்தக் கட்டம் இருக்கறதே அவங்க பாத்தியதை போயிடக் கூடாதுன்னுதானுங்க" என்றார். மச்சான், எந்தக் கட்டம் அவனைக் காப்பாற்ற இருந்ததோ அதே கட்டத்தில்தான் நாம் ரெண்டு பேரும் அவனை அடித்துத் தள்ளியிருக்கிறோம். பெரியவர் திருத்தப் பாரம் ஒன்று கொடுத்தார். கடைசியாக உரூஸ் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கையில் தந்தாலும் பேரை மாற்றிவிடலாமாம். ஆனால் அதில் குப்புராஜ் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்கு மூன்று தடவை அவன் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை வாசலில் கட்டியிருந்த எருமையை விசாரித்துவிட்டுத் திரும்பினேன். ரெண்டாவது தடவை, வராத பஞ்சரை வந்ததாகச் சொல்லி அவன் வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். சின்னம்மாள் மோர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை அவன் எதிரிலேயே வந்தான். "என்னங்க பாய்?" என்றான். "ஒண்ணுமில்ல, இந்தப் பக்கமா வந்தேன்" என்றேன். அந்தப் பக்கம் அவன் வீட்டைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

போன வருஷ உரூஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன், சேலத்தில் நீங்கள்தான் சேர்த்தீர்கள். இங்கே பந்தல் போட்டது யார்? தர்மபுரிக்குப் போய் ஃபாத்திஹா ஓத ஹஜ்ரத்தை அழைத்து வந்தது யார்? தப்ரூக் நேர்ச்சைச் சோறு ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? எல்லாம் குப்புராஜ். அவன் என் வேலையையும் சேர்த்துச் செய்தான். நான் அவன் வேலையை என் பேரில் எழுதிக்கொண்டேன். இதை நினைத்தால் ராத்திரிச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே மச்சான், இந்தக் கடுதாசி கண்டதும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வந்து சேருங்கள். யோசனை உங்களுடையது, நீங்களே வந்து அவனிடம் சொல்லுங்கள். நான் பக்கத்தில் தலை குனிந்து நிற்கிறேன், அந்த வேலை எனக்கு நன்றாக வரும். எப்படியாவது அவனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வரும்போது தயவுசெய்து அந்த டைப் மிஷினை மட்டும் கொண்டு வராதீர்கள். அது டக் டக் என்றால் அடுத்து யார் பேர் போகுமோ என்று இருக்கிறது. ரஹமத் பீவிக்கு என் ஸலாம், அவள் மீன் குழம்பு மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்கள் எல்லோருக்கும் அல்லா நீண்ட ஆயுளும், உங்களுக்குக் கொஞ்சம் கம்மியான யோசனையும் தரட்டும்.

வஸ்ஸலாம்.
அப்துல் ஷுக்கூர்
முத்தவல்லி (அங்கீகரிக்கப்பட்டது)

பின்குறிப்பு: பக்கங்களில் மஞ்சள் கறை இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். தபால்பெட்டிக்குப் போகிற வழியில், நாலாவது தடவையாக, மனதைத் திடப்படுத்திக்கொண்டு குப்புராஜ் வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன். அவன் மஞ்சள் வேகவைத்துக் கொண்டிருந்தான். வாய் வராததால், சட்டைப் பையிலிருந்து திருத்தப் பாரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் அவன் மூன்றாவது பக்கத்தில் விரல் வைத்துப் படிக்கிறான். நான் கொடுத்தது பாரம் இல்லை மச்சான், இந்தக் கடுதாசி. பிடுங்கவா முடியும்? முழுக்கப் படித்தான். ஆட்டுக் கதைக்கு மட்டும் சிரித்தான். பிறகு உள்ளே போய்ப் பம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். அது எனக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுகை வந்துவிட்டது.

பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான். "இப்பப் போயி மாத்தினா, மொதல்ல ஏன் பொய் எழுதினீங்கன்னு உங்களைத்தான் கேப்பாங்க. அந்தப் பெரியவருகிட்ட வாயால சொன்னது வேற, தாளுல ஏறினா வேறங்க. உங்க முத்தவல்லி போயிடும். கல்லைக் குடுத்தனுப்புங்க, நான் வூட்டுக்குள்ளாற அரைச்சுத் தரேன். குடம் இந்தத் தடவ உங்க வாசல்ல இருந்தே கெளம்பட்டும். அந்த இன்ஸ்பெக்டரு முன்னால உங்களுக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது" என்றான். மூன்றாவது பக்க ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பது அவன் கை: "ஒரு ஆழாக்குப் பன்னீருக்குக் குண்டுமணி அளவு சவ்வாது." எதற்கு எழுதினாய் என்றேன். "இனிமே உங்களுக்குத்தானே தெரியணும்" என்றான்.

மச்சான், நான் எழுதிய பொய்யைக் காப்பாற்ற அவன் தன் வாசலை விட்டுக்கொடுக்கிறான். அதை வாங்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு குடத்துக்கு முன்னால் நடப்பேன்? வீட்டுக்கு வரும் வழியில் தர்காக் கதவில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். என் பேர் இருக்கும் மூலை மட்டும் வரவில்லை, பசை அவ்வளவு நன்றாகக் காய்ச்சியிருக்கிறேன். உரூஸ் அன்றைக்கு இன்ஸ்பெக்டரை நேராக அவன் வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய், பொய் என்னுடையது என்று சொல்லப் போகிறேன். முத்தவல்லி போனால் போகட்டும், அவன் அரைத்த சந்தனம் அவன் வாசலில் இருந்துதான் கிளம்ப வேண்டும். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உரூஸுக்கு வாருங்கள், போதும். டைப் மிஷினைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். திருத்தப் பாரத்தின் ஒன்பதாவது கட்டத்தில் குப்புராஜ் பேரை, அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, நீங்களே அடிக்க வேண்டும்.