ஞானம் டீச்சர் என் காலடி மண்ணை எடுத்த கதை

தெரியாத பாஷையைத் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவனுக்கு நிம்மதியான நாள் ஒன்றே ஒன்றுதான். அது வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துபோன புதிது. எளாவூரைத் தாண்டினால் வேறு ராஜ்யம் என்று ஆகியிருந்தது. நான் திருவள்ளூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் ஆஜராகிக்கொண்டிருந்தேன். பொன்னேரி விறகு டிப்போவில் குமாஸ்தாவாக இருந்த என் தாய்மாமன்தான் அந்த வேலையைப் பிடித்து வந்தார். மெட்ராஸ் காலேஜிலிருந்து ஒரு டீச்சர் வருகிறார், தீவுக்குப் போய் ஆராய்ச்சி செய்யப்போகிறார், அங்கே தெலுங்குதான் பேசுவார்கள், கூடவே இருந்து மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். என் மருமகனுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு என்று அவரே அங்கே சொல்லியும்விட்டு வந்திருந்தார். (எனக்குத் தெரிந்த தெலுங்கு: நைனா, டப்பு, ரா, போ, ஜாக்ரத்த. இதை வைத்துக்கொண்டு மாட்டு வண்டிகூட ஓட்ட முடியாது.)

தீவு என்றால் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்குமே, அதுதான். இன்றைக்கு அங்கிருந்து ராக்கெட் போகிறது. அன்றைக்கு விறகுதான் போய்க்கொண்டிருந்தது, தோணியில், மெட்ராஸ் அடுப்புகளுக்கு.

டீச்சரின் பெயர் ஞானம். நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஆகாதவர், ஐம்பதை நெருங்குகிறவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கான்வாஸ் செருப்போடு முழங்கால் சேற்றில் இறங்குவார். தீவுக்குப் போய்வரும் காதர் பாயின் படகில் ஏறும்போதே எனக்கு முதல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு படித்த அம்மாள், விசிறிக்கடியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, இந்தக் கொசுக்காட்டுக்கு எதற்கு வருகிறார்? கேட்டேன். தீவில் வலைகளிலிருந்து மீனைத் திருடித் தின்னும் பிராணி எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எல்லோரும் நீர்நாய் என்கிறார்களாம், அவருக்கு அதில் நம்பிக்கை இல்லையாம். மீன் திருடனைப் பிடிக்கக் காலேஜிலிருந்து ஆள் வருமா? என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன்.

தீவில் எங்களுக்கு ஒரு குடிசை ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே காட்டையும் ஏரியையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கெல்லாம் சுப்பம்மா என்பவள் வைத்ததுதான் சட்டம். டீச்சர் அவளிடம் கேட்கச் சொன்ன முதல் கேள்வியே அந்தத் திருடனைப் பற்றித்தான். நான் கையாலும் காலாலும் மீன், வலை, வாய் என்று நடித்துக் காட்டினேன். சுப்பம்மா புரிந்துகொண்டு, ஏரிப்பக்கம் கையை நீட்டி, சாவகாசமாகச் சொன்னாள்.

"நீட்டி பில்லி."

பில்லி! பில்லி சூனியத்து பில்லி! அதுவும் சாதாரண பில்லி இல்லை, நீட்டி பில்லி. தூரத்தில் இருந்துகொண்டே நீட்டி வைக்கிற ரகம்போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். (எவ்வளவு சுலபமாகப் புரிந்தது என்று அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.)

டீச்சர் பென்சிலோடு காத்திருந்தார். "என்ன சொல்லுதா?"

"அது மிருகம் இல்லையாம் டீச்சர். வேற விஷயமாம். வாயால சொல்லக்கூடாதாம்."

பயப்படுவார் என்று பார்த்தேன். அவரோ முகம் மலர்ந்து எழுத ஆரம்பித்தார். அந்த மலர்ச்சியிலேயே என் சந்தேகம் இரட்டிப்பாயிற்று.

அன்று சாயங்காலம் மீன்பிடித்துத் திரும்பியவர்கள், கூறு போடுவதற்கு முன்னால், ஒரு மீனை எடுத்துக் கரையோர மேட்டில் தனியாக வைத்தார்கள். வைக்கும்போது "நீட்டி பில்லிகி" என்று சொன்னார்கள். பலி கொடுக்கிறார்கள், பாவம், பயத்தில் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வழக்கத்தை இதுவரை யாருமே எழுதி வைத்ததில்லை என்று பூரித்துப்போனார்.

அப்புறம் அவர் செய்ததெல்லாம் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. சேற்றில் ஏதாவது காலடி தெரிந்தால், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற மாவைக் கரைத்து அதில் ஊற்றுவார். காய்ந்ததும் காலடியை அப்படியே பெயர்த்தெடுத்து, பஞ்சில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். புதருக்கடியில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் கிளறி, மயிர் தனியாக, எலும்பு தனியாகப் பொட்டலம் கட்டுவார். காலடி மண், மயிர், எலும்பு. இதற்குமேல் எலுமிச்சம்பழம் ஒன்றுதான் பாக்கி.

தீவு ஜனங்களைக் காப்பாற்றுவது என் கடமை என்று தோன்றியது. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சுப்பம்மாவிடம் போனேன். டீச்சர் பக்கம் விரலைக் காட்டி, எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் ஒன்றாகக் கோத்து, "அம்மா பில்லி. ஜாக்ரத்த" என்றேன்.

சுப்பம்மா டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குடிசைக்குள் ஓடினாள். உள்ளே நாலைந்து பெண்களின் தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் டீச்சர் என் பக்கம் திரும்பினார். மனிதக் காலடி எப்படி விழுகிறது என்று ஒத்துப் பார்க்க வேண்டுமாம். ஈரச் சேற்றைக் காட்டி, "காலை இதுல வை மக்களே" என்றார். மறுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் வைத்தேன். மாவை ஊற்றினார். அது காய்வதற்குள், மயிரையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, என் தலையிலிருந்து ஒரு முடியை வெடுக்கென்று பிடுங்கினார். என் கண் முன்னாலேயே இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அன்று மத்தியானமே எனக்கு ஜுரம் வந்தது. (கொசுவுக்கு அதில் பங்கு இருக்கலாம் என்று இன்று நினைக்கிறேன். அன்று கொசுவை யார் சந்தேகப்பட்டார்கள்?) சுப்பம்மா ஏதோ கசாயம் கொண்டுவந்து கொடுத்தாள். இவளும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாளோ என்று அதை மண்ணில் கொட்டினேன். விறகுத் தோணியோடு வந்த காதர் பாயின் படகில் ஏறிப் பழவேற்காட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, திருவள்ளூரில் அம்மாவின் மடியில் வந்து விழுந்தேன்.

காலடி மண் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவுக்கு என்னைவிட ஜுரம் அதிகமாயிற்று. மாமாவுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் பொன்னேரியிலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி என் நாடியைப் பிடித்துவிட்டு, எடுத்த மண்ணும் முடியும் திரும்பி வந்தால்தான் பையன் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் ஊர் திரும்பும் நாளன்று பழவேற்காடு படகுத்துறையில் நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் என்றால் நான், அம்மா, மாமா, வேப்பிலையோடு பூசாரி, அப்புறம் விஷயம் கேள்விப்பட்டு வேலையை விட்டுவிட்டு வந்த பாதி ஊர். படகு கரை தட்டியதும், "என் காலடியக் குடுத்துடுங்க டீச்சர்" என்றேன். கத்த நினைத்தேன், ஆனால் குரல் பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் கேட்கிறவன் குரலாக வந்தது.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மாமா டிரங்குப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துவிட்டார். கூட்டத்தில் யாரோ பெட்டியை ஏரியில் தள்ளுங்கள் என்றார்கள். இன்னும் சிலர் தண்ணீரில் இறங்கினார்கள். டீச்சர் பெட்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். என்னைத்தான் பார்த்தார். சூனியக்காரிக்கு இவ்வளவு பயம் இருக்குமா என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் முதல்முதலாக வந்தது.

காதர் பாய் துடுப்பைக் குறுக்கே போட்டுக் கூட்டத்தை நிறுத்தினார்.

"அந்தம்மா இன்னா பண்ணிச்சு உன்ன? தீவுல இன்னா சொன்னாங்க? சொல்லு."

"நீட்டி பில்லின்னாங்க பாய். பில்லி சூனியம்."

காதர் பாய் துடுப்பைக் கீழே வைத்தார்.

"டேய், பில்லின்னா தெலுங்குல பூனைடா. நீட்டி பில்லின்னா தண்ணிப் பூனை. மீன் துன்ற பூனை."

முதலில் தெலுங்கு தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் மற்றவர்களுக்கு விளக்க, சிரிப்பு அலை அலையாகப் பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. காதர் பாய் அத்தோடு விடவில்லை. டீச்சரைக் காட்டி இந்தம்மா பூனை, ஜாக்கிரதையாக இருங்கள் என்று நான் சுப்பம்மாவை எச்சரித்ததையும், அதைச் சொல்லிச் சொல்லித் தீவே வயிறு வலிக்கச் சிரித்ததையும் சபைக்கு எடுத்து வைத்தார். அழுததாக நான் நினைத்த தோள்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

டீச்சர் எழுந்து பெட்டியைத் திறந்தார். காலடி அச்சுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பூனைக் கால்தான், ஆனால் வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு. அவற்றுக்கு நடுவில் என் கால். அதை வாங்கும்போது மாமாவின் கை தவறி, படகு விளிம்பில் பட்டு, இரண்டாக உடைந்தது. அம்மா துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டாள். பூசாரி வேப்பிலையை மெதுவாகத் தண்ணீரில் போட்டுவிட்டு, தன் வீட்டிலும் ஒரு பில்லி பாலைக் குடித்துவிடுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று டீச்சரிடம் யோசனை கேட்டார்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. தான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை மட்டும் என்னிடம் காட்டினார். இந்தத் தீவு மக்கள் அந்தப் பிராணியின் பெயரை வாயால் சொல்வதில்லை, அவ்வளவு பக்தி என்று அழகாக எழுதியிருந்தார். என் கண் முன்னாலேயே அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"நீ போன மறுநாள் விடியக்காலையில அது வந்துது. மேட்டில வச்ச மீனைத் தின்னுட்டு, தண்ணியில இறங்கி நீந்திப் போச்சு. எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? சத்தம் போடுத ஆள் போனதும் வந்துட்டு."

பெட்டியைப் பஸ்வரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

கதை எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஊத்துக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். அவர்கள் தெலுங்கு பேசுகிற வீடு. வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லியே கூட்டிப்போயிருந்தாள். நானும் திறக்கவில்லை. பெண் கேசரித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, பெரியவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், தமிழிலேயே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க ஊட்ல ரெண்டு பில்லி இருக்கு. நான் வந்தா அதுங்களும் வரும். உங்களுக்குப் பயம் ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்று தலையாட்டினேன். அது கல்யாணத்தில் முடிந்தது.

பில்லிகளும் வந்தன. அவற்றின் வாரிசுகள் இன்றும் எங்கள் கூரையில்தான் குடித்தனம். தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயரே பில்லி ஊடு. பால்காரர்வரை அப்படித்தான் சொல்கிறார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறார்கள். என் மனைவி யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிறாள். காரணம் கேட்கிறவர்களிடம், அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று என்னைக் காட்டிவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்துவிடுகிறாள்.