பேசப்போனால் ஊமையாகிற உங்கள் ஸ்பீக்கர்

வெஸ்டர்ஹோல்ம்,
பிப்ரவரி 17, திங்கள்

பாசமும் மரியாதையும் குறையாத ஆகே மச்சானுக்கு வெர்னர் எழுதுவது. நானும் உங்கள் தங்கை இங்கெலிஸவும் சௌக்கியம். பனியில் சறுக்கி உடைத்துக்கொண்ட காலுக்கு மாவுக்கட்டு பிரித்துவிட்டார்களா? சீக்கிரம் குணமாகட்டும். குணமானதும் முதல் வேலையாக இங்கே வந்து, ரிக்கேயின் கல்யாணத்துக்கு நீங்கள் இரவல் கொடுத்த ஸ்பீக்கரை என் கண்ணில் படாத தூரத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடவும்.

என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. முப்பது வருடம் பால் ஆலை இயந்திரங்களோடு பேசி ஜெயிக்க முடியாமல் பேச்சையே பாதியாகக் குறைத்துக்கொண்டவன் நான். ரிக்கே பதினாலு வயதில் சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு எடுத்த அன்று விருந்தில் நான் ஆற்றிய உரை முதல் மேசையைக்கூடத் தாண்டவில்லை. "மீன்தொட்டி பாத்த மாதிரி இருந்துச்சு, வாய் மட்டும் அசைஞ்சுது" என்று உங்கள் தங்கை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அதனால்தான் ரிக்கே கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே, "அப்பா, இந்தத் தடவையாவது எனக்குக் கேக்கணும்" என்றாள். ஒரே மகள். ஒரே உரை. அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு உங்களிடம் ஸ்பீக்கர் கேட்டேன்.

அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தீர்களே, "முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்" என்று. பால் ஆலையையே கட்டி மேய்த்தவனுக்கு இந்தப் பாடமா என்று மேலே படிக்காமல் விட்டேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் மைக்கைப் பிடித்ததும் ஸ்பீக்கர் கூவிய கூவலில் விருந்துக்கு வந்த எண்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், அப்புறம்தான் மூன்றாவது வரியைப் பார்த்தேன், "கூவினால் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதே" என்று. பின்னால் போய் நின்றேன், கூவல் நின்றது, எல்லோருக்கும் கேட்கிறதா என்றேன், கேட்கிறது என்றார்கள். என் குரல் அவ்வளவு பெரிதாகத் திரும்பி வந்து கேட்டதில் எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது, மச்சான்.

விருந்து நடந்த நம் ஊர் மன்றத்தின் சமையல்காரி குட்ரூன் எப்போதும் போல மேல்விளக்கை அணைத்தாள். மேல்விளக்கு எரிந்தால் அது உரை இல்லை, ஏலம் என்பது அவள் கட்சி. மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி, பார்க்க அழகு. "என் அருமை ரிக்கே" என்று ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. நான்கு வரி பேசிப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். வாயசைவு நின்றதும் உரை முடிந்தது என்று நினைத்து எண்பது பேரும் எழுந்து நின்று, முறை தவறாமல் ஒன்பது தடவை ஹுர்ரா போட்டு உட்கார்ந்தார்கள். ரிக்கே மட்டும் எழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுவேனா? குட்ரூனை விளக்குப் போடச் சொல்லி, முதலில் வயரைச் சந்தேகப்பட்டேன். அடுக்களையில் பெரிய காபிக் கொதிகலனின் வயர் அதே அளவு, அதைப் பிடுங்கி வந்து மாட்டினேன். ஸ்பீக்கர் கணீரென்று பேசியது. குட்ரூன் விளக்கை அணைத்தாள், நான் வாயைத் திறந்தேன், மறுபடி ஊமை. மறுபடி விளக்கு, இந்தத் தடவை மைக் வயரைக் கழற்றி மாட்டினேன், கணீர். மறுபடி மெழுகுவர்த்தி, ஊமை. கேக் வந்துவிட்டது, காபி வரவில்லை. கொதிகலன் ஆறிக் கிடந்தது. கேக்கை வைத்துக்கொண்டு காபி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எண்பது பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? "வெர்னர், வயரைக் குடுத்துடு, கலவரம் ஆயிடும்" என்று குட்ரூன் காதோடு சொன்னாள்.

அங்கேதான் எனக்குள் ஏதோ அறுந்தது. உங்களையும், உங்கள் சீட்டையும், அந்தக் கறுப்புப் பெட்டி பிறந்த நேரத்தையும் அடிவயிற்றிலிருந்து திட்டினேன். அறுபத்தோரு வருடத்தில் முதல் முறையாக என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வந்த குரலை விட்டுவிடக்கூடாதென்று அதே வேகத்தில் ரிக்கே பக்கம் திரும்பினேன்.

"ரிக்கே, நீ ஏழு வயசுல சைக்கிள் கத்துக்கிட்டப்ப சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடி வந்தேன். விட்டுட்டேன், விட்டுட்டேன்னு சொன்னேன், உனக்குக் கேக்கல. இப்ப சொல்றேன். விட்டுட்டேன். பாத்துப் போம்மா."

எழுதி வைத்திருந்த நான்கு பக்கமும் மறந்துவிட்டது. கடைசி மேசையில் இருந்த காது மந்தமான பழைய பாதிரியார் மூக்கைச் சிந்தினார். ரிக்கே வந்து கட்டிக்கொண்டு, "திட்டுற மாதிரியே இருந்துச்சுப்பா, ஆனா ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு" என்றாள். நானும் அழுதேன்.

ஆனாலும் மச்சான், பழுதான சாமானைக் கல்யாண வீட்டுக்குத் தருவது சொந்தக்காரன் செய்கிற காரியமா? இனி உங்களிடம் ஒரு ஸ்க்ரூட்ரைவர்கூட இரவல் கேட்பதாக இல்லை. உங்கள் காலும் குடும்பமும் நலமாக இருக்கட்டும் என்ற பிரார்த்தனையோடும், தங்கையின் முத்தங்களோடும்,

உங்கள் வருத்தமுள்ள மாப்பிள்ளை,
வெர்னர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை எடுத்துவர மன்றத்துக்குப் போனேன். நான் புலம்பியதைக் கேட்ட குட்ரூன், "மேடை ஓரத்து பிளக்குலயா போட்ட? அது மேல்விளக்கு சுவிட்சோட சேந்ததாச்சே. கிறிஸ்மஸ் மரத்துக்காக வெச்சது. விளக்கை அணைச்சா அதுவும் போயிடும். நீ கேக்கவே இல்லையே" என்றாள். ஆகவே உங்கள் சீட்டின் முதல் வரியைத் தவிர இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். நவம்பரில் இங்கெலிஸவுக்கு அறுபது வயது. நான்தான் பேச வேண்டும், கல்யாணமான நாள் முதல் அவளிடம் சொல்லாமலே விட்டது நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதே ஸ்பீக்கரைக் கொடுங்கள். அந்தப் பிளக்கை யாரும் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி குட்ரூனிடம் கேட்டுக்கொண்டுவிட்டேன்.