கைத்துப்பாக்கிக்கு ஒரு சந்தனப் பொட்டு

பெண்டாட்டி செல்லாத்தாள் அந்தக் கைத்துப்பாக்கியைப் பற்றி அன்பாக விசாரித்த அன்றைக்குத்தான் செங்கோட்டையனுக்குப் பயம் பிடித்தது.

சூலூரில் பம்பு உதிரிப்பாகம் கடையும் பட்டறைக்காரர் அவர். லைசென்ஸோடு அவர் வைத்திருந்தது ஒரு பழைய பாயின்ட் டூ டூ பிஸ்டல். காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்தது. ஞாயிறு காலையானால் கூட்டாளிகள் பாலுசாமியும் சஹீரும் வந்துவிடுவார்கள். ஹாலில் வெள்ளைத் துணி விரித்து, அதை நடுவில் வைத்து, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். மரப்பிடியின் வழுவழுப்பை ஒருவர் சொல்வார், குழாயின் நேர்த்தியை இன்னொருவர் சொல்வார். மதியச் சோற்று நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள்.

செல்லாத்தாள் வாய் திறக்காமல் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலைத் தெருப் பெண்களின் கூட்டுப் பிரார்த்தனைக்கு விடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டவள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஆயுத பூசை வருது. அதைய ஒருக்கா நல்லாக் குளிப்பாட்டி வெச்சரலாமுங்களா?"

தண்ணீர் பட்டால் துருப் பிடிக்கும் என்று அவர் பதறினார். சரி, பொட்டு மட்டும் போதும் என்று அவள் இறங்கி வந்தாள். குழாய்க்குள்ளும் ஒரு விரல் சந்தனம் வைத்தால் உள்ளே குளிர்ச்சியாக இருக்குமே என்றாள். குழாய் அடைத்துப் பாழாகிவிடும் என்று அவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் இன்னொரு சந்தேகம் கேட்டாள். குண்டு போடாமல் விசையை அழுத்தினால் டிக்கென்று சத்தம் வருமாமே, ஆரத்தி நேரத்தில் நாலு தடவை அழுத்தலாமா என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வகையில் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கும், தோட்டா இல்லாவிட்டால் இரும்பு ஓரத்தைக் கொத்திக் கெடுத்துவிடும் என்று விளக்கினார். அவள் பக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. எதெது செய்தால் அது கெடும் என்று இவள் எதற்காகத் தெரிந்துகொள்கிறாள்? துப்பாக்கி இருக்கும் பீரோவின் இன்னொரு சாவி இவள் கொத்தில்தானே இருக்கிறது? பூசை அறையில் இவ்வளவு பெரிய சந்தன உருண்டை யாருக்கு? கோபத்தில் உடைத்தால் நாலு வார்த்தை கேட்கலாம். கும்பிட்டே உடைத்தால் எந்தப் புருஷன் என்ன கேட்பது?

செங்கோட்டையன் முந்திக்கொண்டார். புதன்கிழமை அவள் காரமடைக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பெட்டியோடு கொண்டுபோய் ரைபிள் கிளப் ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டார். இனிமேல் பார்ப்பதும் சுடுவதும் அங்கேதான் என்று கூட்டாளிகளுக்கும் சொல்லியாயிற்று. பெண்டாட்டியை ஏய்த்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு மதியம் கிளப்பிலிருந்து திரும்பினால், வாசல் கொள்ளாத செருப்பு. ஹாலில் குத்துவிளக்கு, சுற்றிலும் பெண்கள். பாலுசாமியின் சம்சாரம் ராமாத்தாள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். செங்கோட்டையன் கொல்லைப்புறமாகச் சுற்றிச் சமையலறைக்குள் போனார்.

"ஏன் அம்மணி, பூசைக்கு அது ஊட்டுல இல்லையேன்னு உனக்கு வருத்தமில்லையா?"

"புதங்கெழமையே கெளப்பிட்டுப் போயிட்டீங்களே, அதுக்கென்னங்க."

"அப்ப அந்தச் சந்தனம்?"

செல்லாத்தாள் பொங்கலில் நெய்யை ஊற்றினாள்.

"சாமிக்குத்தானுங்க. குழாய்க்குள்ள சந்தனம் வெச்சா என்னாகும்னு எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு வருசமா நீங்க மூணு பேரும் பேசறதையக் கேட்டுட்டேதானே காபி ஊத்துனேன்."

"அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

"சாமி கும்புடறவ பொய் சொல்லுவனுங்களா? நான் சந்தேகந்தானுங்க கேட்டேன். கொஞ்சம் நகருங்க, பிரசாதம் கொண்டுபோவோணும்."