பிசிறு அண்ணன் வெட்டாத நூல்

திருப்பூரில் ஒருவர் சட்டையில் நூல் தொங்காமல் நடந்து போனால், அவர் பிசிறு அண்ணன் கண்ணில் பட்டுவிட்டு வந்தவர் என்று அடித்துச் சொல்லலாம்.

நான் கணக்கு எழுதிய பனியன் கம்பெனியில் அவர் செக்கிங். தைத்த துணியில் மிச்சமாகத் தொங்கும் நூல்தான் பிசிறு. அதை டிரிம்மர் என்ற குட்டிக் கத்தரியால் வெட்டுவது அவர் வேலை. கம்பெனி ஆறு மணிக்கு விட்டுவிடும். அவர் கை ஓயாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் நறுக். முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வேட்டியில் நறுக். ஒருமுறை ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரரின் கோட்டிலேயே வேலையைக் காட்டிவிட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிசிறு இருந்துச்சுங்க" என்றார் இவர், பரம சாதுவாக.

அவர் மனைவி சரசக்கா சிறுநீரகம் கெட்டுப் படுத்த படுக்கையானார். திருப்பூர் ராயபுரத்தில் ஜன்னலே இல்லாத ஒற்றை அறை. "பச்சையா எதையாச்சும் பாத்துட்டுக் கெடக்கோணும்ங்க" என்று ஒருநாள் கேட்டார். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு வண்ணமீன் விற்கும் கடைக்கு ஓடினார்.

"அனுபியாஸ்னு இந்தச் செடியக் கொண்டு போங்க. தண்ணிக்குள்ளயே வளரும். வெயிலே வேண்டாம், டியூப்லைட் போதும்" என்றார் கடைக்காரர். "கெழங்க மட்டும் மணல்ல பொதச்சராதீங்க, அழுகிரும். கல்லோட சேத்தி நூல்ல கட்டுங்க. வேர் கல்லப் புடிக்கற வரைக்கும் நூல்தான் காப்பாத்தோணும்."

நூலுக்கா பஞ்சம்? ஆனால் வெட்டியே பழகிய கைக்கு முடிச்சு வரவில்லை. சரசக்காதான் சாய்ந்து உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார். கண்ணாடித் தொட்டி கட்டிலுக்கு எதிரே வந்தது.

மறுநாள் நான் எட்டிப் பார்த்தபோது செடி மேலே மிதந்துகொண்டிருந்தது. முடிச்சில் தொங்கிய நுனியைக் கண்டதும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒட்ட வெட்டியதில் முடிச்சே அவிழ்ந்துவிட்டது.

"அடக் கெரகமே! இதுலயுமாங்க பிசிறு?" அக்கா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மறுபடி கட்டினார். நுனியை வேண்டுமென்றே நீளமாக விட்டார். "இதத் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க!" டிரிம்மரைப் பிடுங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

செடி பிழைத்தது. அக்கா பிழைக்கவில்லை.

கோடிச் சேலையின் ஓரத்தில் நூல் தொங்கியது. அண்ணன் தலையணைக்கடியில் கைவிட்டு டிரிம்மரை எடுத்தார். அந்த நூலை வெட்டிவிட்டுத்தான் போர்த்தினார். யாரும் கேலி பேசவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் செடி புது இலை விட்டிருந்தது. வேர் கல்லை இறுகப் பிடித்துவிட்டது, இனி நூலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதன் நீள நுனி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, பிசிறு தொங்குதுங்களே?"

"இருக்கட்டும் கண்ணு. அவ கட்டுனது."

என் சட்டைக் கையில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தேன். கையை அவர் பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.