புல்லுக்குச் சேதாரம் கேட்ட சொர்ணம் அம்மா

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை பிற்பகல்.

அன்புள்ள அண்ணிக்கு,

ஷண்முகப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறது என்று கேள்விப்பட்டோம். சந்தோஷம். இங்கே உங்கள் தம்பி நலம். நானும் இன்று காலை பத்தரை மணியிலிருந்து நலம்.

போன மாதம் போனில், "அந்தப் புல்லு வியாபாரத்தை மூடிரலாமா, நீயே முடிவு பண்ணு" என்றீர்கள். மூட வேண்டாம் அண்ணி. உங்கள் தம்பி வங்கி வேலையை விட்டுவிட்டு, புல்வெட்டும் மிஷின் ஒன்றையும் மதிவாணன் என்ற ஆளையும் வைத்துக்கொண்டு புல்தரைப் பராமரிப்பு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அவருக்குப் புல் தெரியும், விலை சொல்லத் தெரியாது. "எவ்வளவு சார்?" என்று யாராவது கேட்டால், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டு "பாத்துக் குடுங்க" என்பார். கோடையில் புல் வளராது, "ஒண்ணும் வெட்டலையே" என்று பாதி தருவார்கள். ஐப்பசி மழையில் வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினாலும் அதே பாதிதான்.

எங்கள் வருமானத்தில் சரிபாதி அடையாறில் இருக்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அது கைவிட்டுப் போனால் மிஷினை விற்க வேண்டும், மதிவாணனை அனுப்ப வேண்டும், உங்கள் தம்பி நாள் முழுக்க வீட்டில் இருப்பார். இந்த மூன்றாவதை நினைத்துத்தான் நானே ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். வருடம் முழுக்க மாதாமாதம் ஒரே தொகை, கோடையில் மாதம் இரண்டு வெட்டு, மழைக்காலத்தில் நான்கு, உரமும் செம்மண்ணும் தனி, நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில். விஸ்தீரணம் முடிவாகும்வரை தொகையை எழுதவும் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. இந்தக் கடைசி விதி உங்கள் தம்பிக்காகவே போட்டது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சொர்ணம் அம்மா. தி.நகரில் அவர்கள் குடும்பத்துக்கு நகைக்கடை, இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கையெழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானம் வேறொரு ஆள் வருகிறார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்பதரைக்கு டேப்போடு இறங்கினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி வந்தது. அந்த அம்மா கல் பதித்த வளையலைப் பார்ப்பதுபோலப் புல்தரையைப் பார்த்தார்.

"நடைக்கல்லைக் கழிங்க. கல்லு எடை வேற, தங்க எடை வேற."

கழித்தோம். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கழித்தோம். பிள்ளையார் மேடை, தென்னை இரண்டு, எல்லாம் போயிற்று.

"சரி, வெட்டுன புல்லு எங்க போவுது?"

"நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்" என்றேன்.

"அது எங்க புல்லுல்லாம்மா? பழசை எடுத்தா அதுக்குக் கழிக்கணும்லா? எவ்வளவு கழிப்பிய? அதுபோக வெட்டுறதுல சேதாரம் எவ்வளவு?"

அண்ணி, நான் தாவரவியலில் முதுகலை. இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. நான் யோசிப்பதற்குள் மதிவாணன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான். "இன்னாம்மா, புல்லுக்குப் போய் சேதாரம் கேட்டுக்கினு கீற? மூட்டை கட்டி உன் வாசல்லயே வெச்சிட்டுப் போறேன், நீயே உருக்கிக்க."

உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, இனிமே இவர் வீட்டுலதான் என்று நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். ஆனால் சொர்ணம் அம்மா சிரித்துவிட்டார். "எங்க கடையில ஒருத்தனுக்காவது இப்படி வாய் இருக்கா" என்றார். ஆயிரத்து அறுநூற்று நாற்பது சதுர அடி என்று முடிவாயிற்று. அதற்குள் மணி பத்து இருபத்தைந்து. "போடுங்க, போடுங்க, நேரம் போவுது" என்று அவர் விரட்ட, ஆறு பக்கத்திலும் கையெழுத்து, சாட்சிக்கு மதிவாணன், சங்கத்து முத்திரை, எல்லாம் பத்து இருபத்தொன்பதுக்கு முடிந்தது.

இனி ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. உங்கள் தம்பி "பாத்துக் குடுங்க" என்று சொல்லாமல் வீடு திரும்பியது இதுவே முதல் தடவை. எதையும் அவ்வளவு சுலபத்தில் நம்பாத நான் சொல்கிறேன், இந்த ஒப்பந்தத்தில் ஒரு குறையும் கிடையாது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதத்தில் ஒரு பங்கை மதிவாணனுக்கும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நிம்மதியாக,
ஷண்முகப்ரியா

பி.கு.: உங்களுக்கு ஒரு நகல் வைக்கலாமென்று ஒப்பந்தத்தை எடுத்தேன். விஸ்தீரணம் இருக்கிறது, வெட்டுக் கணக்கு இருக்கிறது, உரம், செம்மண், சாட்சி எல்லாம் இருக்கிறது. 'மாதத் தொகை ரூ.' என்பதற்கு எதிரே வெறும் கோடு. உடனே சொர்ணம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, நானும் இப்பதான் பாத்தேன். எவ்வளவு போடட்டும்?" என்றார். சதுர அடிக்கு இவ்வளவு என்று தொகை எனக்கு மனப்பாடம், அண்ணி. "பாத்துப் போட்டுக்கங்க" என்றேன். உங்கள் தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தில் இவ்வளவு நிம்மதியை நான் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.