முருகனும் நானும் வெளியே நின்ற தேர்தல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். அதைவிட என் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் நான் எழுதாமல் இருக்க இருக்க, என் மைத்துனர் சொல்லும் கதை வளர்ந்துகொண்டே போகிறது. போன கார்த்திகைக்கு அதில் யானை ஒன்றும் வந்துவிட்டது. ஆகவே பழனியாண்டவர் மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புக்கு நான் வாத்தியார். எட்டாவது முடித்து ஆசிரியப் பயிற்சி பெற்றவன், அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை (ஏறியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?). குடிமைப் பாடம் நடத்துவதில் எனக்கு ஒரே முறைதான். "குடியரசு என்றால் என்ன?" என்று கேட்பேன். இருபத்தேழு பிள்ளைகளும் கோரஸாக ஒப்பிப்பார்கள். கூரை அதிரும். பாடம் முடிந்தது.

முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: "பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். புரியவில்லை." மறுபடி வருவதாகவும், பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்த்துத்தான் என் வேலையை நிரந்தரம் செய்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கைக்குழந்தை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தேர்தல்னு வாயால சொன்னா அதுகளுக்கு என்னங்க தெரியும்? ஒருக்கா நடத்திக் காட்டுங்க," என்றாள் என் மனைவி.

அப்படியே செய்தேன். ஐம்பத்தேழாம் வருஷத்துப் பொதுத்தேர்தல் முடிந்த புதிது. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய் விருப்பப்பட்டவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். இரண்டு பிஸ்கட் டின்களில் ஓட்டை போட்டேன். வகுப்புத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி: தங்கராசுவுக்குத் தேங்காய்ச் சின்னம், அந்தோணிக்குக் கத்தரிக்காய். மனைவியின் சேலையை வகுப்பின் மூலையில் திரையாகக் கட்டினேன். அந்த மூலையில்தான் நான் தினமும் கும்பிடும் முருகன் படமும் திருநீறும் இருந்தன. சாமி இருக்கிற இடம், தேர்தல் சுத்தமாக நடக்கும் என்று நினைத்தேன். தேங்காய் டின்னைப் படத்துக்கு நேர் கீழே பலகையில் வைத்தேன். அங்கே இடம் போதாததால் கத்தரிக்காய் டின் திரைக்குள்ளேயே ஜன்னலோரம் போனது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்குத்தான் வாக்குப்பதிவு. "யாருக்குப் போடுறோம்னு யாருக்கும் தெரியக்கூடாது. இது ரகசியம்!" என்று முழங்கினேன். ஒவ்வொரு பிள்ளையாகத் திரைக்குள் போய் வந்தது. வெளியே வந்த அத்தனை நெற்றியிலும் திருநீறு. (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பக்தியான பிள்ளைகள் என்று பூரித்துப்போய் நின்றேன்.)

டின்களைத் திறந்தேன். தேங்காய்: இருபத்தேழு சீட்டு, கூடவே கொஞ்சம் மல்லிகைப்பூ. கத்தரிக்காய்: ஒன்றுமில்லை. தட்டிப் பார்த்தேன், டின் 'டங்' என்றது.

இன்ஸ்பெக்டர் அந்தோணியைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீயே உனக்குப் போடலையா?"

"சாமி எதுக்க நின்னுக்கிட்டு எனக்கே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு சார்."

"நீ சர்ச்சுக்குப் போற பிள்ளைதானே?"

"எந்தச் சாமியா இருந்தா என்ன சார்? பாத்துக்கிட்டுல்ல இருக்காரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மூலையைப் பார்க்கத் திரைக்குள் போனார். வெளியே வரும்போது அவர் நெற்றியிலும் திருநீறு.

அந்த நேரம் பார்த்துப் பூத்தோட்டத்துச் செல்லம்மா எழுந்தாள். பூப்போட்ட புண்ணியவதி அவள்தான். "சார், யாரும் பாக்கக் கூடாதுன்னீங்க. சாமி பாத்துக்கிட்டே இருந்தா அது எப்புடி சார் ரகசியம்? தங்கராசு செயிச்சது செல்லாது. மறுபடி வைங்க."

தங்கராசு சண்டைக்கு வருவான் என்று பயந்தேன். அவன், "ஆமா சார், வைங்க. எனக்கும் யாரு நெசமாப் போட்டாங்கன்னு தெரியணும்ல," என்றான்.

"அப்ப சாமிய என்ன பண்றது?" என்று நான் கேட்டேன். (வாத்தியார் மாணவியிடம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்.)

"நீங்க தூக்கிட்டுப் போயி வெளிய நில்லுங்க சார். நீங்களும் பாக்கக் கூடாதுல்ல."

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றேன். உச்சி வெயில். தேர்தல் முடியும்வரை முருகனும் நானும் அங்கேயேதான் நின்றோம். "அப்பனே, கோவிச்சுக்காதே, வேலையக் காப்பாத்து" என்று அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் உள்ளே பொறுப்பேற்றுக்கொண்டார்.

கத்தரிக்காய் பதினான்கு, தேங்காய் பதின்மூன்று. முடிவை மாற்றிய அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்றுவரை நான் யாரையும் கேட்டதில்லை. தங்கராசுதான் முதலில் போய் அந்தோணி தோளில் கை போட்டான்.

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் எழுதியது: "பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆசிரியருக்கும் புரிய ஆரம்பித்திருக்கிறது." அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை எந்த வகுப்பையும் நான் ஒப்பிக்கச் சொன்னதில்லை. கேள்வி கேட்கச் சொன்னேன்.

வீட்டில்தான் இது தீரவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பதா, எதுவானாலும் நான் வாயைத் திறந்தால் போதும், மனைவி பூஜை அலமாரியைக் காட்டுவாள்: "நீங்க முருகனத் தூக்கிட்டுச் செத்த வெளிய நில்லுங்க. நாங்க பேசி முடிவு பண்ணிச் சொல்றோம்."

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர் வாத்தியார்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் திருநீறு மட்டும்தான் பூசினார், விழுந்து கும்பிடவில்லை. யானை வரவே இல்லை.