வேணாம் பாய் எதிர்த்த தண்ணீர் பம்பு

செங்கல்பட்டு ஜில்லாவில் முன்னேற்றத்துக்கு முதல் விரோதி யார் என்று எழுபதுகளில் எங்கள் பஸ் கம்பெனி ஷெட்டில் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால், ஸ்டோர் கீப்பர் பாய் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் ஜெயித்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கிளீனர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் வேணாம் பாய்தான்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்பெனி கொடுத்த ஸ்டூலில் கிரீஸ் டப்பா உட்கார்ந்திருக்கும். பாய் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். டைப்பிஸ்டாக இருந்த எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று தப்பு விழும்.

ஒரு நாள் யாரும் கேட்காமலே முதலாளி அறைக்குள் போனார்.

“ஊர்ல அல்லாரும் டெலிபோன் வெச்சிகினு கீறாங்க. நமக்கு அந்த பேஜாரு வேணாம் முதலாளி. மதுராந்தகத்துல பஸ்ஸு படுத்துகிச்சின்னா ஆளு வந்து சொல்றான். சாயங்காலம்தான் வர்றான், வரட்டுமே. பாசஞ்சருக்கு இன்னா அவசரம்?”

“யோவ் பாய், எது வேணும், எது வேணாம்னு நீ எனக்குச் சொல்றியா?”

அன்றைக்கே டெலிபோனுக்கு விண்ணப்பம் போனது. அது வந்து சேர இரண்டு வருஷம் ஆனது வேறு கதை.

அடுத்தது அட்டை. பஸ்ஸுக்கு ஒரு அட்டை போட்டு, என்ன கோளாறு, யார் சரி செய்தது என்று அதில் எழுதிவைப்பது அப்போது பெரிய கம்பெனிகளின் வழக்கம். பாய் கொதித்தார். “பஸ்ஸுக்கு இன்னா ஜாதகமா எழுதறது? எவன் ஒழுங்கா ரிப்பேரு பண்லன்னு தெரிஞ்சிபூடும் முதலாளி. பாவம், பசங்க மாட்டிக்குவானுங்க.” மறுநாளே அட்டை அச்சுக்குப் போனது.

“இந்தாளு பொறக்கறப்பவே வெளில வர வேணாம்னு சொல்லியிருப்பாரு,” என்பார் டிரைவர் தாஸ். ஷெட்டே சிரிக்கும். நானும் சிரித்தேன், தபாலில் வந்த ஒரு கவரைத் தவறிப் பிரிக்கும் வரை.

மெட்ராஸ் கம்பெனி ஒன்று பாய்க்கு எழுதியிருந்தது. தாங்கள் விரும்பிக் கேட்டபடி பேட்டரி சார்ஜர் விவரம் அனுப்பியிருக்கிறோம் என்று கண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து பாய் அதே சார்ஜரை எதிர்த்து முழங்கினார். முதலாளி அதையே வாங்கினார். நான் பாயை ஸ்டோருக்குள் மடக்கினேன்.

“மெல்ல பேசு தம்பி,” என்றார். “மின்ன ஒரு ஃபோர்மேன் இருந்தாரு. தங்கமான மூளை. இது வேணும் முதலாளின்னு நேரா கேட்டாரு. எனக்கே சொல்லித் தர்றியான்னு முதலாளி அவுர வூட்டுக்கு அனுப்பிச்சிட்டாரு. இப்ப படாளத்துல ஏர் ஓட்டிகினு கீறாரு. நான் வேணாம்னு சொல்றேன், அல்லாம் வருது. எது தேவலாம், சொல்லு.”

“எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்களே பாய்?”

“சிரிச்சா இன்னா? சாமான் வருது இல்ல?”

இந்த வித்தை பல வருஷம் பிசகாமல் நடந்தது. பிசகியது பிரேக் விஷயத்தில்.

தாஸ் ஓட்டிய பஸ் ராத்திரி மகாபலிபுரத்தில் கடலோரமாக நின்று, விடிந்ததும் செங்கல்பட்டுக்குக் கிளம்பும். ஒரு காலை திருக்கழுக்குன்றம் தாண்டி பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். மனுஷன் சாமர்த்தியமாக ஒரு மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். அன்று மத்தியானம் துருப்பிடித்த பிரேக் பைப்பை ஸ்டோர் பலகைமேல் வைத்தார்.

“உப்புக்காத்து தின்னுட்ச்சி பாய். அப்பளம் மாரி ஒடையுது.”

பைப்பை மாற்றினாலும் கொஞ்ச நாளில் அதுவும் அப்பளம்தான். தினம் நல்ல தண்ணீரை வேகமாக அடித்து அடிப்பாகத்தைக் கழுவினால்தான் பிழைக்கும். அதற்கென்று பம்பு இருந்தது. பாய் கடிதம் போட்டு விவரம் வரவழைத்தார். ஆயுத பூஜையன்று காலையில் முதலாளியிடம் போய், “பஸ்ஸுக்கு இன்னா எண்ணெய்க் குளியலா? பம்பு வேணவே வேணாம்,” என்று வழக்கம்போல் முழங்கிவிட்டு நிம்மதியாக வந்தார்.

பூஜை முடிந்ததும் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு பாய் கழுத்தில் மாலை போட்டார். “பாய் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவர் சொன்ன எதையும் நான் கேட்டதில்ல. மனசு எவ்வளவு நொந்திருக்கும்? இனிமே பாய் பேச்சுதான். பம்பு வேணாம்னாரு. சரி, வேணாம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பாய் மாலையோடு அசையாமல் நின்றார். அவர் அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மூன்று நாளும் அவர் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. ஷெட் போதாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். டீயை வாங்கி ஆறவிட்டுக் கொட்டினார். விடியுமுன் எப்படியோ மகாபலிபுரம் போய், தாஸ் பஸ்ஸில் என்ஜின் பக்கம் நின்றபடியே திரும்பி வந்தார்.

“பிரேக்குல வெச்ச என் காலையே மொறச்சி பாத்துகினு வர்றாரு அண்ணாத்த. கூச்சமா கீது,” என்று தாஸ் என்னிடம் முறையிட்டார்.

நான்காம் நாள் முதலாளி எனக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாய் உள்ளே வந்தார். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். வேலையை விட்டுப் போகத் தயாராகத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது.

“பம்பு வேணும் முதலாளி.”

“நீதானேய்யா வேணாம்னே?”

“நான் வேணாம்னாதான் நீங்க வாங்குவீங்க.”

முதலாளிக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்போ டெலிபோன்?”

பாய் தரையைப் பார்த்தார்.

“அட்டை? சார்ஜர்?”

அதே தரை.

“அப்போ நான் எதைத்தான்யா சொந்தமா வாங்கினேன்?”

பாய் உண்மையாகவே யோசித்தார். “இந்த மேஜை, முதலாளி.”

முதலாளி அந்த மேஜையை வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். முகம் சின்னப்பிள்ளை முகம்போல் வாடியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏதாவது கேட்டியா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ எழுதிக்கோ. பம்புக்கு ஆர்டர்.” சாவிக்கொத்தை பாய் பக்கம் தள்ளினார். “எடுத்துக்கிட்டுப் போய்யா. வெளியில போய் வேணாம்னு கத்து.”

பம்பு வந்து இறங்கிய அன்று ஷெட் நடுவில் இருவரும் நடத்திய சண்டை மாதிரி ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை. “கம்பெனி குட்டிச்சுவராப் பூடும் முதலாளி, திருப்பி அனுப்பிச்சிடுங்க,” என்று பாய் கெஞ்சினார். “மாலை போட்டா தலைமேல ஏறுவியா? என் பஸ், என் பம்பு, நீ யாருய்யா?” என்று முதலாளி இரைந்தார். பாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஸ்டோருக்குள் போனார்.

ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. “இந்த மனுஷன் என்னிக்குமே திருந்த மாட்டாரு,” என்று என் தோளில் தட்டினார் தாஸ், மறுநாள் முதல் அந்தப் பம்பால் கழுவிய பஸ்ஸை ஓட்டப்போகிற தாஸ். உன் உயிருக்காக வேலையையே மேஜைமேல் வைத்தவர் அவர் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த சாமான் வராது. அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய் காதில் விழட்டும் என்று, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.